படி இறங்கும்போது தொடை என்ன செய்கிறது?

சுவாமிமலையில் முருகப்பெருமானைத் தரிசிக்க, தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகளை ஏற வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. தரிசனம் முடிந்து இறங்கும்போதோ அந்தச் சிரமம் இல்லை. ஆயினும், படியேறிப் பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாள் தொடை வலிக்கிறதே, ஏன்?

ஏறும்போது தொடையின் முன்புறத் தசை குறுகி, முழங்காலை நிமிர்த்தி, உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, உடலின் பாரத்தைத் தாங்கியபடியே சிறிது சிறிதாக நீள்கிறது. கிணற்றுக்குள் குடத்தை இறக்குபவர் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுவதைப் போன்றது இது. இவ்வேலைக்கு மூச்சுச் செலவு குறைவு. தசை இழைகளுக்கோ அயர்ச்சி மிகுதி. அதனால்தான் ஓரிரு நாள் கழித்து வலி தெரிகிறது. பெரும்பாலும் தானே தணிந்தும் விடுகிறது.

மூன்றாவது வகையும் உண்டு. அர்ச்சனைத் தட்டை ஏந்தி அசையாமல் நிற்கும்போது, கைத்தசை தன் நீளம் மாறாமலேயே உழைக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இயன்முறை மருத்துவர் பெரும்பாலும் இவ்வகையில்தான் பயிற்சியைத் தொடங்குவார். காலை நீட்டி, முழங்காலின் அடியில் சுருட்டி வைத்த துண்டை 5 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வார். மூட்டு அதிகம் அசையாமலே தசை வலுப்பெறும். அப்போது மூச்சை அடக்கலாகாது. அடக்கினால் இரத்த அழுத்தம் உயரும்.

முதுமையில் நாம் மறந்துவிடுவது, நீண்டு தாங்கும் பயிற்சியைத்தான். நாற்காலியில் தொப்பென்று அமர்வதே அதற்கு அடையாளம். கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியில், மனத்துக்குள் நான்கு எண்ணியபடி மெல்ல அமருங்கள், பிறகு எழுங்கள். முதலில் 5 முறை போதும். இதய நோயுள்ளவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நலம்.

ஒரு கால் மட்டும் வலுக்குறைந்தவர்கள், படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் இறக்குங்கள். இறங்கும் வேளையில் பாரத்தைத் தாங்குவது மேற்படியில் நிற்கும் காலே. அது நல்ல காலாக இருக்கட்டும். கைப்பிடிக் கம்பியையும் விடாதீர்கள்.

தரிசனம் சந்நிதியோடு முடிவதில்லை. கடைசிப் படியையும் பத்திரமாகக் கடந்து வீடு சேரும்போதே நிறைவு பெறுகிறது.