ஆட்டோடு தீவனமும் வரட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதியில் ஆடு மேய நிலம் இல்லை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ரப்பரும் தென்னையும் வாழையும் போக மிஞ்சுவது வீட்டுப் புரையிடமும் வேலியோரமும்தான். அங்கே கட்டிப்போட்டு வளர்க்கும் இரண்டு மூன்று ஆடுகளைப் பெரும்பாலும் பெண்களே பராமரிக்கிறார்கள். மேயும் ஆடு தனக்கு வேண்டியதைத் தேடித் தின்னும். கட்டிய ஆடு கொடுத்ததை மட்டுமே தின்னும். ஆகவே இந்த மாவட்டத்தில் ஊட்டத் தீவனம் என்பது வசதியுள்ளவர் செய்யும் கூடுதல் செலவு அல்ல, ஆடு வளர்ப்பின் அடிப்படைத் தேவை.

இங்கு வழக்கமான தீனி பிலாவிலையும் அயனி இலையும் கஞ்சித் தண்ணீரும். பிலாவிலையை ஆடு விரும்பித் தின்னும். ஆனால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தின் ஒரு பகுதியைச் செரிக்கவிடாது. மர இலைகளில் பொதுவாகவே மணிச்சத்து குறைவு. இரண்டு பருவமழையும் அடித்துப் பெய்யும் சரளை மண்ணில் சுண்ணாம்பும் மற்றத் தாதுக்களும் கரைந்து போகின்றன. மணிச்சத்தும் துத்தநாகமும் செம்பும் போதாத ஆடு காலத்தில் பருவத்துக்கு வராது. வந்தாலும் கத்தலோ வாலாட்டலோ இல்லாமல் ஊமைப் பருவமாகக் கடந்துவிடும். ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்க வேண்டிய ஆடு இரண்டோடு நின்றுபோவது இப்படித்தான்.

இதற்குரிய பரிகாரம் எளிது. கிடாவோடு சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே நாளொன்றுக்குக் கால் கிலோ அடர்தீவனம் கொடுத்தால், மெலிந்த ஆட்டில் கருமுட்டைகள் கூடுதலாக வெளிப்படும். இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பு கூடும். அதற்கு முன் குடற்புழு நீக்கம் அவசியம். மழைக்காலத்தில் இரத்தம் உறிஞ்சும் புழுக்கள் குடியிருக்கும் வயிற்றில் எவ்வளவு தீவனம் போட்டாலும் பயன் பாதிதான்.

சினைக்காலம் சுமார் 150 நாள். குட்டியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடைசி ஆறு வாரத்தில்தான் கூடுகிறது. அதே ஆறு வாரத்தில் கருப்பை விரிந்து இரைப்பையை நெருக்குவதால் தாயால் வழக்கமான அளவு இலை தின்ன முடியாது. தேவை ஏறும்போது கொள்ளளவு இறங்குகிறது. ஆடு தன் உடற்கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டப் பார்க்கும். அளவு மீறினால் அதில் உண்டாகும் கீட்டோன் நச்சாகித் தாயும் குட்டியும் சாகக்கூடும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கே இந்த ஆபத்து அதிகம். சின்ன அளவில் நிறைந்த சத்துள்ள தீனியே அப்போது வேண்டும்: உடைத்த தானியம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, தாது உப்பு.

பாலும் இந்த ஆறு வாரத்திலேயே தீர்மானமாகிறது. சினையில் மெலிந்த ஆட்டின் மடி வளராது, சீம்பால் குறையும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது கிடைக்காத குட்டி நோய்க்குத் தப்புவது கடினம். ஈன்ற பின் ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 400 கிராம் அடர்தீவனம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இந்த மண்ணுக்கு உரியது. மரச்சீனியின் பச்சை இலையிலும் தொலியிலும், ரப்பர் இலையிலும் சயனைடு நச்சு உண்டு. பசுந்தீனிக்குத் தட்டுப்பாடு வரும்போது கைக்கெட்டுவது அவைதான். பல ஆடுகளின் திடீர்ச் சாவுக்கு இதுவே காரணம். அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா, மிளகுக் கொடி படரும் முள்முருங்கை ஆகியவை வேலியில் நின்றால் அந்த ஆபத்தும் குறையும், புரதமும் கிடைக்கும்.

நல்ல இனம் கொண்டுவந்தால் போதும் என்பார் உண்டு. தலைச்சேரி ஆடு இரட்டை ஈனும் குணமுள்ளதுதான். அந்தக் குணம் வெளிப்படுவது தீனியில்தான். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடுகள் கொடுத்தது. நல்ல திட்டம். ஆனால் ஆடு கைமாறிய நாளோடு அரசின் கடமை முடிந்துவிடக் கூடாது. மேலே சொன்ன கால் கிலோ அளவில் சேர்க்கைக்கு முன் 3 வாரம், ஈற்றுக்கு முன் 6 வாரம் எனக் கணக்கிட்டால் ஓர் ஈற்றுக்கு 16 கிலோவுக்கும் குறைவான தீவனம். நாளுக்கு 10 கிராம் தாது உப்பு என்றால் ஆண்டுக்கு 4 கிலோகூட இல்லை. ஓர் ஆட்டின் விலைக்கு முன் இது பெரிய தொகை அல்ல.

ஆகவே ஆடு வழங்கும் எந்தத் திட்டத்திலும் ஓராண்டுத் தாது உப்பும் முதல் ஈற்றுக்கான தீவனமும் சேர்க்கப்பட வேண்டும். கால்நடை மருந்தகங்களில் தாது உப்பு ஒரு கிலோ பொட்டலமாகக் கிடைக்க வேண்டும். இரண்டு ஆடு வைத்திருப்பவர் மூட்டையாக வாங்க மாட்டார். திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையம் அகத்தி, வேலிமசால் விதைகளை ஊராட்சிதோறும் கொண்டுசேர்க்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவற்றை நட்டுவிட்டால், அடுத்த கோடையில் வேலியே தீவனம் தரும். மாவட்ட நிர்வாகமும் கால்நடைத் துறையும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.