பாட்டும் அட்டவணையும்

பல்லாண்டு தேடிச் சேர்த்த பாடல்களால் கணினியில் இடம் நெருங்கவே, அவற்றைப் புறத்தே இணைக்கும் ஹார்டு டிஸ்கிற்கு மாற்றுவார் பலர். மாற்றிய பின்னரும் பாடற்பெயர்கள் வரிசையாய்த் தோன்றும். அழுத்தினாலோ பாட்டு எழாது. பெயரருகே ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். உடனே டிஸ்கைப் பழிப்பர். பெரும்பாலும் குற்றம் டிஸ்கினது அன்று. மாற்றிய முறையினதே என்பது எம் கருத்து.

ஆப்பிள் நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐடியூன்ஸ் என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். 2019-இல் மாக் கணினிகளில் அதன் இடத்தைப் பெற்ற மியூசிக் செயலிக்கும் இது பொருந்தும். இசைத்தொகுதி என்பது இருபாற்பட்டது. ஒன்று பாட்டுக் கோப்புகள். மற்றொன்று, ஒவ்வொரு பாட்டும் எங்குளது என்பதைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணை. நூல்நிலையத்துப் புத்தகங்களை வேறு கட்டிடத்திற்குக் கொண்டுசென்று, பழைய அட்டவணையைத் திருத்தாது வைத்திருப்பின், மாணவர் வெற்றலமாரியை அன்றோ சென்று காண்பர்?

“பாடல்களை மீண்டும் சேர்த்துக்கொண்டாற் போயிற்று” என்பாரும் உளர். பாட்டு மீளும்; நாம் தெரிந்து கோத்த வரிசைகளும், எத்துணை முறை கேட்டோம் என்னும் கணக்கும் மீளா. அவை உறைவது அட்டவணையிலேயாம்.

ஆதலின் கோப்புகளைக் கையால் இழுத்து மாற்றாது, செயலியைக் கொண்டே மாற்றுவித்தல் நலம். அதன் அமைப்புப் பகுதியில், பாடல்கள் இருக்கவேண்டிய இடமாகப் புதிய டிஸ்கை முதலிற் குறிக்க. பின்னர் ‘கன்ஸாலிடேட் ஃபைல்ஸ்’ என்பதைத் தெரிந்தெடுக்க. செயலி பாடல்களைப் பிரதிசெய்து, அட்டவணையையும் தானே திருத்திக்கொள்ளும். பழைய பிரதிகள் பழைய இடத்திலேயே இருக்கும். புதியவற்றைக் கேட்டுத் தெளிந்த பின்னரே அவற்றை நீக்குக. டிஸ்கை இணைக்குமுன் செயலியைத் திறத்தல் ஆகாது. விண்டோஸ் கணினியில் டிஸ்கிற்குரிய எழுத்து மாறினும் அட்டவணை வழிதவறும். பழைய எழுத்தையே மீண்டும் இட, பாட்டு ஒலிக்கும்.

இடமாற்றம் வேறு, பாதுகாப்பு வேறு. உள்ள ஒரே பிரதியை ஒரே டிஸ்கில் வைத்தல் அனைத்தையும் பணயம் வைத்தலேயாம். விலைக்குக் கிடைக்கும் பாட்டை மீண்டும் வாங்கலாம். வீட்டு மூத்தோர் பாடிய தாலாட்டையும், கல்லூரிப் பாடகர் குழுவின் பதிவையும் எக்கடையில் வாங்குவது? ஆகவே மற்றொரு டிஸ்கிலும் ஒரு பிரதி வைக்க. அட்டவணைக் கோப்பு, நாம் தனியே மாற்றினாலன்றிக் கணினியிலேயே தங்கிவிடும். அதனையும் உடன் சேர்த்தல் வேண்டும். பாட்டைக் காப்பவர் அட்டவணையையும் காப்பாராக.