மணி அடிக்காத அட்டை

கன்வேயரில் வரும் பாட்டில் சென்சாருக்கு முன்னால் லேசாக ஆடிவிட்டுப் போகிறது. கவுன்டர் இரண்டு என்கிறது. ஷிஃப்ட் முடிவில் லைன் கணக்கும் கிடங்குக் கணக்கும் ஒத்துவருவதில்லை. நான் பார்த்த ஓர் ஆலையில் இந்த வித்தியாசத்துக்கு ‘வழக்கமான கழிவு’ என்று பெயரே வைத்து, மாதாமாதம் தனி வரியில் எழுதிவந்தார்கள். கவுன்டர்களுக்கான இந்த இதழில் அந்த வரியைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன். அதற்கு 1890 வரை போய்வர வேண்டும்.

அந்த ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் தந்த இயந்திரத்தில் 40 முகப்புகள் இருந்தன. பார்க்கக் கடிகாரம் போலிருக்கும்; ஆனால் வட்டத்தில் 100 பிரிவுகள். ஒரு முள் ஒன்றொன்றாக நகரும், மற்றது நூறுகளைக் காட்டும். 9,999 வரை எண்ணலாம். துளையிட்ட அட்டையைத் தட்டில் வைத்துக் கைப்பிடியை இறக்கினால் ஸ்பிரிங் பொருத்திய ஊசிகள் அட்டைமேல் இறங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய், கீழேயுள்ள கிண்ணத்தின் பாதரசத்தைத் தொடும். மின்காந்தம் ஆர்மெச்சரை இழுக்க, முள் ஒரு பிரிவு நகரும்.

கைப்பிடியை அரை நொடி பிடித்தாலும் ஐந்து நொடி பிடித்தாலும் கணக்கு ஒன்றுதான். இழுபட்ட ஆர்மெச்சர் விடுபட்டு மறுபடி இழுபட்டால்தான் அடுத்த எண். மின்சாரம் வந்ததைத்தான் அது எண்ணியது, இருப்பதை அல்ல. பிஎல்சியில் நாம் ஒரு கட்டளை போட்டுச் செய்கிற வேலை இது. பாதரசத்திலும் ஒரு சௌகரியம் உண்டு. உலோகத்தில் மோதும் உலோகம் துள்ளும். பாதரசத்தில் இறங்கும் ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. பிற்காலத்தில் பாதரச ரிலேக்களைத் தேடி வாங்கியதும் இதற்காகத்தான். (நஞ்சு என்பதால் இன்று யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

அட்டை சரியாகப் பதிவானால் மணி அடிக்கும். அடிக்காவிட்டால் எடுத்துப் பார்த்தாக வேண்டும். வேலை அலுத்தவர்கள் கிண்ணத்துப் பாதரசத்தைச் சொட்டுக் குழலால் உறிஞ்சி எச்சில் பாத்திரத்தில் விட்டுவிட்டு, மெக்கானிக் வரும்வரை ஓய்வெடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சென்சார் கண்ணில் டேப் ஒட்டும் கைகளை நமக்கும் தெரியும்.

பின்னால் வந்த பிரிப்பு இயந்திரங்களில் கைப்பிடி இல்லை. 1925இன் ஐபிஎம் 80 நிமிடத்துக்கு 450 அட்டைகளைப் பிரித்தது. 1955இல் வந்த 83, 1,000 அட்டைகளை. ஓர் அட்டைக்கு 60 மில்லிநொடிதான். இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கவுன்டருக்குச் சோதனை 4 போய் 5 வருவதில் இல்லை. 999 போய் 1,000 வரும்போது நான்கு சக்கரங்கள் ஒரே இழுப்பில் திரும்ப வேண்டும். கிரீஸ் இறுகியிருந்தாலோ மின்னழுத்தம் குறைந்திருந்தாலோ முதலில் தவறுவது அங்கேதான். பழைய கவுன்டரைச் சோதிக்கிறவர்கள் பத்து துடிப்போடு நிறுத்தாமல் ஆயிரத்தைத் தாண்டவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பிரிப்பு இயந்திரத்தின் 13ஆவது தட்டு. அட்டையில் 12 வரிசைகள், வரிசைக்கு ஒரு தட்டு. எதிலும் துளையில்லாத அட்டைக்கும் ஒரு தட்டு. வகைப்படாததற்கும் ஓர் இடம் இருந்ததால், தட்டுகளின் கூட்டுத்தொகையும் உள்ளே போன அட்டைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். ஒரு அட்டை குறைந்தாலும் தேடுவார்கள். ‘வழக்கமான கழிவு’ என்று எழுத அங்கே வரி கிடையாது.

இந்த மாதம் உங்கள் லைன் ஒன்றில் உள்ளே வருவது, தேறியது, கழிக்கப்பட்டது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கவுன்டர் போட்டு, ஒரு வாரம் கூட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். ஆலையின் பெயர் வேண்டாம்.