வழியா, வலியா?

சில மாதங்களுக்கு முன்பு, பாஸ்கா காலத்து ஞாயிறு ஒன்றில், எங்கள் பங்கு ஆலயத்தின் தமிழ்த் திருப்பலியில் அமர்ந்திருந்தேன். நற்செய்திக்கு முந்திய வாழ்த்தொலியைப் பாட இளம்பெண் ஒருத்தி வாசக மேடை ஏறினாள். இனிய குரல், பணிவான தோற்றம். இயேசு தம்மை வழி என்றும் உண்மை என்றும் வாழ்வு என்றும் அறிவிக்கும் வாக்கியம் அன்றைக்கு உரியது. அப்பெண்ணின் வாயில் வழி ‘வலி’ ஆயிற்று. வாழ்வு ‘வால்வு’ ஆயிற்று. பாடகர் குழுவும் அதையே திருப்பிப் பாடியது. ஆலயம் முழுவதும் அதையே திருப்பிப் பாடியது. எனக்கு முன் வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கொண்டார்.

அப்பெண்ணைக் குறைகூற இதை எழுதவில்லை. அவள் கையில் இருந்த தாளில் தமிழ்ப் பாடல் உரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தது. அத்தாளில் வழிக்கும் வலிக்கும் வளிக்கும் எழுத்து ஒன்றே. இல்லாத வேறுபாட்டை அவள் எங்ஙனம் ஒலிப்பாள்? குற்றம் தாளுடையது, அத்தாளை அச்சிட்டுத் தந்தவர்களுடையது, அதைப் பார்த்தும் பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்த நம்முடையது.

இன்று நம் நாட்டுப் பங்குகள் பலவற்றில் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் எனப் பல மொழிகளில் திருப்பலி நடைபெறுகின்றது. இது எளிதில் வந்த பேறன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனமே மக்கள் மொழிகளுக்குப் பலிபீடத்தில் பரந்த இடம் தந்தது. அதற்கு முன்பு குருவானவர் இலத்தீனில் பூசை நிறைவேற்றுவார். நம் முன்னோர் தமக்குத் தெரிந்த தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பர். தோட்டத்துச் சிற்றாலயங்களிலோ குருவானவரைக் காண்பதே அரிது. அவர் வராத வாரங்களில் உபதேசியார் செபம் சொல்லுவார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை அழைத்து விவிலியப் பகுதியை வாசிக்கச் சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளர்கள் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து இறைவார்த்தையைக் கேட்டார்கள். பிழையாக வாசித்தால் பின்வரிசையிலிருந்து திருத்தக்கூடிய செவி அவர்களிடம் இருந்தது. கண் தெரியாத எழுத்தைக் காது அறிந்திருந்தது.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. நம் பிள்ளைகள் மூன்று மொழிகள் கற்கின்றனர், பட்டம் பெறுகின்றனர், ஆயினும் தாய்மொழியில் ஒரு திருப்பாடலை எழுத்துக்கூட்டி வாசிக்க அவர்களுள் பலரால் இயலவில்லை. எழுத்து போயிற்று, எழுத்தோடு செவியும் போயிற்று. அதனால்தான் அன்று ஆலயம் முழுவதும் ‘வலி’ என்று பாடியும் எவர்க்கும் வலிக்கவில்லை.

இஃது ஓர் எழுத்துப் பிழைதானே, இதற்கு இவ்வளவு சினமா எனச் சிலர் வினவலாம். அன்பர்களே, அந்தத் தாள்களை எடுத்துச் சற்றே பாருங்கள். பலிக்கும் பழிக்கும் வேறுபாடு இல்லை. ஒளியும் ஒலியும் ஒழியும் ஒன்றே. மனமும் மணமும் ஒன்று. இறையும் இரையும் ஒன்று. கொடுவும் கோடும் ஒன்று. உலகிற்கு ஒளியாக வந்தவரைப் பாடும் வரியில் ‘ஒழி’ என்று பாடினாலும் தாள் தடுக்காது. சிலர் ழகரத்திற்கு இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகின்றனர். அதைக் கண்ட இளைஞர் அங்கே சகரத்தை ஒலிக்கின்றனர். ஒருவர் எழுதும் முறை மற்றொருவருக்கு இல்லை. ஒரே பாடல் இரண்டு தாள்களில் இரண்டு விதமாகக் கிடக்கின்றது. வழிபாட்டு மொழிக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறென்ன வேண்டும்?

வரலாறு அறிந்தோர்க்கு இது மேலும் நாணம் தருவது. 1554ஆம் ஆண்டில் லிசுபன் நகரில் தமிழ் மறைக்கல்வி நூல் ஒன்று அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே இருந்தன. ஏனெனில் அன்று தமிழுக்கு அச்செழுத்து இல்லை. தமிழ் மக்களின் கையில் தமிழ் எழுத்தையே தர வேண்டும் என்று உழைத்தோர் பின்னர் வந்தனர். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அண்டிறீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். ஆயினும் இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்கு உண்டு. உரோமன் எழுத்திலிருந்து தமிழ் எழுத்திற்கு வரத் திருச்சபைக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. தமிழ் எழுத்து இல்லாமையால் அன்று உரோமன் எழுத்தை நாடினர். எல்லா எழுத்தும் கணினியில் குவிந்து கிடக்கும் இந்நாளில் நாம் மீண்டும் 1554ஆம் ஆண்டிற்குத் திரும்பியிருக்கின்றோம்!

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் எழுத்தில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கக் கண்டு, அவற்றை வேறுபடுத்த வரிவடிவத்தில் திருத்தம் செய்தார். அயல்நாட்டுத் துறவி நம் எழுத்தின் ஓர் உயிர்க்குறில் கெடாதிருக்கக் கவலைப்பட்டார். நாமோ எழுத்துகள் அனைத்தையும் ஒருங்கே கைவிட்டுவிட்டு, விழா நாளில் அவருடைய படத்திற்கு மாலை சூட்டுகின்றோம். கோலாலம்பூரில் 1966ஆம் ஆண்டு முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு முன்நின்று உழைத்த தனிநாயகம் அடிகளார் ஒரு கத்தோலிக்கக் குரு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். 1679ஆம் ஆண்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைத் தேடியெடுத்து அதே 1966இல் இங்கிருந்து மறுபதிப்பாக வெளியிட்டவர். அவர் நடந்த மண்ணில், அவர் பலி நிறைவேற்றிய திருச்சபையில், தமிழ்ப் பாடல் தமிழ் எழுத்தின்றி நிற்கலாமா?

இனி மறுப்புரைகளைப் பார்ப்போம்.

“இறைவனுக்கு எல்லா மொழியும் தெரியும், பிழையாகப் பாடினாலும் அவர் புரிந்துகொள்வார்” என்பர் சிலர். உண்மை. இறைவன் புரிந்துகொள்வார். நாம் புரிந்துகொள்கின்றோமா என்பதே கேள்வி. செபம் இறைவனுக்குச் செய்தி சொல்வதற்கு அன்று. செபிப்பவனின் உள்ளத்தை உருவாக்குவதற்கு. பொருள் அறியாது ஒலியை மட்டும் எழுப்புவதானால் இலத்தீனை விட்டு வந்ததன் பயன் என்ன? தமிழ்த் திருப்பலியையே மற்றோர் இலத்தீன் ஆக்கிவிட்டோம் என்றன்றோ பொருள்?

“தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் வாய்மூடி நிற்பதைவிட இப்படியேனும் பாடட்டுமே” என்பர் வேறு சிலர். இது அன்பிலிருந்து பிறந்த வாதம். ஆகையால் இதை மதிக்கின்றேன். திருமணத்தால் நம் பங்கிற்கு வந்த சீனச் சகோதரிக்கும், தமிழ் கற்க வாய்ப்பே பெறாத முதியவர்க்கும் உரோமன் எழுத்துத் தாள் தேவைதான். ஆனால் ஓடம் ஆற்றைக் கடப்பதற்கு, அதிலேயே குடியிருப்பதற்கன்று. பத்து வயதில் அத்தாளை வாங்கிய சிறுவன் முப்பது வயதிலும் அதையே பற்றிக்கொண்டு நிற்கின்றான் என்றால், நாம் அவனுக்குச் செய்தது உதவியா, ஊறா?

“மொழியை வலியுறுத்தினால் பங்கின் ஒற்றுமை குலையும்” என்பர் மூன்றாமவர். சபா, சரவாக்கிலிருந்து பணி நிமித்தம் வந்து நம் ஆலயங்களில் கூடும் உடன்பிறப்புகள் மலாயில் முழுக் குரலெடுத்துப் பாடுகின்றனர். சீன மொழித் திருப்பலிக்கு வருவோர் சீன எழுத்திலேயே பாடுகின்றனர். அதனால் எந்தப் பங்கின் ஒற்றுமை குலைந்தது? தத்தம் மொழியைத் தெளிவாகப் பேசுவோர் கூடும் இடத்தில்தான் மதிப்பு பிறக்கும். மதிப்பு உள்ள இடத்தில்தான் ஒற்றுமை நிற்கும்.

தமிழுக்காக முழங்குவோர்க்கும் ஒரு சொல். பங்குப் பேரவைக் கூட்டத்தில் தமிழ்த் திருப்பலியின் நேரம் அரைமணி மாற்றப்பட்டால் எழுந்து நின்று வாதாடுகின்றீர்கள். பொங்கல் நாளில் ஆலய முற்றத்தில் பானை வைத்துக் கோலமிடுகின்றீர்கள். திருவிழாத் தேர்ப்பவனிக்கு மேளம் அழைக்கின்றீர்கள். நன்று. ஆனால் உங்கள் பிள்ளைகள் எந்த மொழியில் மறைக்கல்வி பயில்கின்றார்கள்? அந்த வகுப்பில் தமிழ்ப் பிரிவு மாணவர் இன்றி மூடப்பட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வேரில் ஊற்ற வேண்டிய நீரை இலையில் தெளித்துவிட்டு, மரம் வாடுகின்றதே என்று பிறரைச் சாடுவதில் பயனில்லை. தமிழ்த் திருப்பலியை ஆங்கிலம் அழிக்கவில்லை, அயலார் அழிக்கவில்லை. நம் வீட்டு மௌனமே அழிக்கின்றது.

இந்நோய் கத்தோலிக்கப் பங்கிற்கு மட்டும் உரியதன்று. உரோமன் எழுத்தில் தேவாரம் அச்சிட்டு வழங்கும் கோவில்களும் உள்ளன. சமயம் வேறாயினும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஆகையால் இதைப் படிக்கும் தமிழாசிரியர்களையும் மாணவர்களையும், எச்சமயத்தினராயினும், வேண்டிக்கொள்கின்றேன். பாடல் தாளில் முதல் வரி தமிழ் எழுத்தாக இருக்கட்டும். தேவைப்படுவோர்க்கு அதன் கீழே உரோமன் எழுத்து சிறிதாக நிற்கட்டும். வாசக மேடையில் தமிழ் எழுத்தைப் பார்த்தே இறைவார்த்தை வாசிக்கப்படட்டும். அதற்கு ஆள் இல்லையெனில், ஆளை உருவாக்குவோம். வழிபாட்டுக்கு முன் ஒரு மணி நேரம், வாரம் ஒரு நாள், ஒரு தமிழாசிரியர், ஒரு கரும்பலகை. இதற்கு மன்றமும் வேண்டா, மாநாடும் வேண்டா.

இறுதியாக ஓர் ஒப்புதல். பாவசங்கீர்த்தனம் கத்தோலிக்கனுக்குப் புதிதன்று. அன்று அப்பெண்ணின் கையில் இருந்த தாளைத் தட்டச்சு செய்தவன் நானே. பல ஆண்டுகளுக்கு முன்பு, “இளைஞர்கள் வருவதில்லை, எளிதாக்கிக் கொடுங்கள்” என்று கேட்டார்கள். தமிழாசிரியனாகிய நான் மறுக்காமல் செய்து கொடுத்தேன். வகுப்பறையில் லகர ளகர ழகர வேறுபாட்டைப் பிரம்பெடுத்துக் கற்பித்தவன், ஆலயத்தில் அம்மூன்றையும் ஓரெழுத்தில் புதைத்தேன்.

திருப்பலி முடிந்தபின் அப்பெண்ணிடம் சென்று மெல்லச் சொன்னேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சார், இரண்டும் ஒரே எழுத்துதானே?” என்றாள். தமிழில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவள், “இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே, சார்” என்றாள்.

அச்சொல் குற்றச்சாட்டாகவே என் நெஞ்சில் தைத்தது. இப்போது ஞாயிறுதோறும் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பாக, மறைக்கல்வி அறையில் நால்வர் என்முன் அமர்கின்றனர். நால்வர்தாம். அவளும் அவர்களுள் ஒருத்தி. இன்னும் ழகரத்தில் தடுமாறுகின்றாள். ஆனால் தடுமாறுகின்றோம் என்பதை அவள் செவி இப்போது அறிகின்றது. தமிழாசிரியர்களே, உங்கள் ஊர் ஆலயத்திலும் கோவிலிலும் நால்வர் காத்திருப்பர். அவர்களுக்கு வழியைக் கொடுக்கப் போகின்றோமா, வலியை விட்டுச் செல்லப் போகின்றோமா?