என்ன டீச்சர், சீனி வந்திட்டா?



கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பதைத் தாண்டியவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டு உட்துறைமுக வீதியில் நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த தெரிந்த காக்கா ஒருவர் நிறுத்தி, "என்ன டீச்சர், சீனி வந்திட்டா?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா, வரக்கூடாதெண்டுதான் நடக்கிறன்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

அன்பாகத்தான் கேட்டார். ஆனால் நடக்கிற எவரைக் கண்டாலும் நம் ஊர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நோயாளிதான் நடப்பார் என்று முடிவு செய்துவிட்டோம். அதனால் சுகமாக இருப்பவர் வெட்கத்தில் வீட்டில் இருக்கிறார். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தவர் பயத்தில் ஓடுகிறார். பயத்தில் தொடங்கிய நடை, அடுத்த ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நின்றுவிடுகிறது.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். 46 வயதில் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது. படிக்கிற காலத்தில் வலைப்பந்து விளையாடியவள் என்ற நினைப்பு வேறு. போனில் ஒரு நாளைக்கு 10,000 காலடி என்று வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே மூச்சு வாங்க நடந்தேன். மூன்றாவது கிழமை முழங்கால் வீங்கியது. நிறுத்தினேன். வீக்கம் பத்து நாளில் வற்றிவிட்டது. "வயசு போய்ட்டு, இனி நமக்குச் சரிவராது" என்ற எண்ணம் வற்ற ஒரு வருடம் எடுத்தது. அதுவரை சப்பாத்து கதவுக்குப் பின்னால் கிடந்தது.

பிறகுதான் தேடி வாசித்தேன். அந்த 10,000 எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்த அளவு இல்லையாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே "பத்தாயிரம் காலடி மானி". விற்பதற்கு வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வொன்று வெளிவந்தது. நாளொன்றுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடமே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் நடந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிட மிதமான அசைவும், இரண்டு நாள் தசைக்கு வேலையும்தான். ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்னதையும் 2020இல் நீக்கிவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் அது கணக்குத்தான்.

இது நமக்குப் புதிய பாடமா? குறைவானாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று மத்ரஸாவிலேயே படித்தோம். உடம்புக்கும் நம்மீது உரிமை உண்டு என்பதையும் படித்தோம். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டோம்.

இன்னொரு செய்தி அபூதாவூதில் வருகிறது. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரழி) அவர்களும் ஓட்டப் போட்டி வைத்தார்கள். ஆயிஷா (ரழி) வென்றார்கள். சில காலம் கழித்து, அவர்களின் உடல் சற்றுப் பருத்த பிறகு, மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தினார்கள். முன்பு தோற்றதற்கு இது ஈடு என்று சொன்னார்கள். அப்போது நபியவர்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. "குண்டாகிட்டாய், ஓடு" என்ற குத்தல் அங்கே இல்லை. சேர்ந்து ஓடிய சந்தோஷம்தான் இருந்தது. நம் வீடுகளில் இருப்பது எது என்று நாமே யோசிப்போம்.

"ஐந்து வேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சிதானே" என்பார்கள். தொழுகை இபாதத், அதை ஜிம் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆனால் ரமழானில் தராவீஹுக்குப் போகும்போது பாருங்கள், பெண்கள் பகுதியில் கதிரைகள் வருடா வருடம் கூடுகின்றன. இயலாதவர்களுக்கு மார்க்கம் தந்த சலுகை அது. அவர்களைக் குறை சொல்ல நாம் யார்? என் கவலை, ஐம்பது வயதுக்காரர்களும் அந்த வரிசைக்கு வருவதுதான். தசையும் எலும்பும் நடுவயதில் மெல்லக் குறைகின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களின் எலும்பு இன்னும் வேகமாகத் தேய்கிறது. எழுபதிலும் நெற்றி தரையில் பட ஸுஜூது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. நான் நடப்பது அதற்காக. எடை குறைந்தால் அல்ஹம்துலில்லாஹ், குறையாவிட்டாலும் நடப்பேன்.

ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் டச்சு பே மணலில் நடக்கலாம், மெக்கெய்சர் விளையாட்டரங்கில் ஓடலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அபாயாவோடு வேகமாக நடக்கும் பெண்ணுக்கு ஊரின் கண்ணையும் கடக்க வேண்டியிருக்கிறது. உம்மாவையும் மனைவியையும் ராத்தாவையும் நீங்களே கூட்டிக்கொண்டு நடவுங்கள். அவர்கள் போய் வரும் அரை மணி நேரம் வீட்டில் தேநீரை நீங்கள் ஊற்றுங்கள்.

கிண்ணியாச் சொந்தங்களே, 2009இல் திறந்த உங்கள் பாலம் 396 மீட்டர். ஒரு தரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 800 மீட்டர், பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதுவே நல்ல தொடக்கம். வெளியே போக இயலாதவர்கள் கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். நெஞ்சு வருத்தம், மூட்டு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் சீனி, பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் எம்.ஓ.எச். அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்த நாட்டில் ஐந்து மரணங்களில் நான்கு தொற்றா நோய்களால் நடக்கின்றன. வருத்தம் வந்த பிறகு போவதைவிட வருமுன் போவது சுலபம்.

ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும். களாச் செய்ய இது தொழுகை இல்லை. மறுநாள் சப்பாத்தைப் போடுங்கள், அவ்வளவுதான்.

வீதியில் யாராவது நடப்பதைக் கண்டால் இனி "சீனியா?" என்று கேட்காதீர்கள். ஸலாம் சொல்லுங்கள். முடிந்தால் நாலு எட்டு கூடவே நடவுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.