வேலிக்கழியும் அடுப்பு விறகும்

நல்லவாடு முதல் பாகூர் வரையிலுள்ள கிராமங்களில், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னர்த் தோட்டக்கால் வேலிகளைக் கழித்துச் சீர்செய்வதும், கழித்த முள்ளையும் கழியையும் வேலைக்கு வந்த கூலியாட்கள் கட்டாகக் கட்டித் தலைமேல் கொண்டுபோவதும் நெடுநாளைய வழக்கம். நிலக்காரருக்கு வேலி சுத்தமாகிறது. கூலியாளுக்கு விறகு கிடைக்கிறது. வாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், திருவிழாச் சோறு வடிக்கவும் புறக்கடை மண்ணடுப்பு இன்னும் அணையவில்லை. ஆகவே வேலியில் வெட்டியதை எரிப்பது தீங்கற்றதா என்னும் கேள்வி அற்பமானதன்று.

இதற்கு இருவகை விடை வழங்குகிறது. நெருப்பில் விழுந்தபின் எந்த விஷம் நிற்கும் என்பது ஒன்று. வேலிச்செடி எதுவாயினும் அடுப்பில் வைக்கலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயாமற் சொல்லப்படுபவை.

வேலிச்செடி காட்டு விறகைப் போன்றதன்று என்பதை முதலில் உணர வேண்டும். ஆடுமாடு கடிக்காதது எதுவோ அதையே குடியானவர் வேலிக்குத் தேர்ந்தெடுக்கிறார். கடிக்காமைக்குக் காரணம் முள்ளாக இருக்கலாம், பாலாக இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம். கொடுக்காப்புளியைக் காப்பது முள். கள்ளியைக் காப்பது பால். அரளியைக் காப்பது இருதயத்தின் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. இம்மூன்றையும் ஒரே கட்டில் கட்டிக் கொடுப்பதுதான் பிழை.

நெருப்பு நஞ்சை அழித்துவிடும் என்பது கொழுந்துவிட்டெரியும் தீயளவில் பெரும்பாலும் உண்மையே. ஆனால் வீட்டடுப்பில் கழியின் ஒரு முனைதான் எரிகிறது. மறுமுனை சூடேறிப் புகைகிறது. கழியிலுள்ள பொருள்கள் முற்றும் எரியாமலே அப்புகையோடு வெளிவருகின்றன. ஊதுகுழலை வாயில் வைத்து அடுப்பண்டை குனிந்திருக்கும் பெண்ணின் முகத்துக்கும் அப்புகைக்கும் இடையே ஒரு முழந்தானும் இராது. நிலக்காரர் வரப்பில் நின்று கொடுத்த கட்டின் பலனை அனுபவிப்பவள் அவளே.

அரளியைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. வெள்ளரளி, செவ்வரளி, மஞ்சளரளி ஆகிய எல்லாவற்றிலும் இலை, பட்டை, வேர், விதை யாவும் நஞ்சு. உலர்ந்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை; பச்சையிலையை முகர்ந்து விலகும் மாடு சருகை மேய்ந்து சாவதும் உண்டு. மஞ்சளரளி விதை யாழ்ப்பாணத்தில் 1980-களிலிருந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. அரளிக் குச்சியில் உணவைக் கோத்துச் சுடுவதும், அதனால் கிளறுவதும், அதன் புகையைச் சுவாசிப்பதும் ஆகாதென்பது விஷவைத்தியம் அறிந்தோர் ஒருமுகமாகச் சொல்லும் எச்சரிக்கை.

பாலுள்ள செடிகளின் தீங்கு பெரும்பாலும் அடுப்புக்கு வருமுன்னரே நேர்கிறது. திருகுகள்ளியையோ எருக்கையோ அரிவாளால் தறிக்கும்போது தெறிக்கும் பால் கண்ணில் பட்டால் கண்மணியின் மேற்றோல் புண்ணாகும். உடனே நிறைய நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். தாய்ப்பால் விடுவதும் எண்ணெய் விடுவதும் காலத்தை வீணாக்கும். பிச்சாவரத்துச் சதுப்பில் வளரும் தில்லை மரத்தின் பாலும் பார்வையைச் சில காலம் மறைக்கும். அதன் புகையும் கண்ணுக்கு ஆகாது. அம்மரத்தின் பெயரையே சிதம்பரம் பூண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

விஷச்செடி அனைத்தும் விறகுக்கு ஆகாதவை என்று இதனால் முடிவுகட்டுவதும் தவறு. கிளிரிசிடியா என்ற பெயருக்கே எலிக்கொல்லி என்று பொருள். அதன் விதையும் பட்டையும் மத்திய அமெரிக்காவில் எலிக்கு வைக்கப்பட்டவை. எனினும் நன்றாக உலர்ந்த கிளிரிசிடியாக் கழி புகை குறைந்து நிதானமாக எரியும். இலங்கையில் 2005-ஆம் ஆண்டில் இதை நான்காவது தோட்டப்பயிராக ஏற்று, இதன் கழியை எரித்து மின்சாரம் எடுக்கவும் முற்பட்டனர். மாறாக, நஞ்சென்று எவரும் சொல்லாத கொடுக்காப்புளி நல்ல சூடு தந்தும் மிகுதியாகப் புகைவது. 1877-ஆம் ஆண்டு இந்நாட்டில் விதைக்கப்பட்ட சீமைக்கருவேல் பயிர்நிலத்துக்குப் பகையாயினும் அடுப்புக்குச் சிறந்ததே. அதன் முள் தைத்த புண் சீழ்பிடிக்கும் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

விறகின் ஈரத்தைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. சவுக்கோ, கருவேலோ, கிளிரிசிடியாவோ, உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 5000 கிலோகலோரி வெப்பம் தரும். பச்சை விறகிலோ எடையில் பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சைக்கழியிலுள்ள நீரை ஆவியாக்கவே சுமார் 300 கிலோகலோரி செலவாகிறது. அதைவிடக் கேடு, ஈரத்தால் தீ தணிந்து புகை மிகுவது. அடுப்புப் புகை முதலிய வீட்டுக்காற்றின் மாசால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் அரளியைக் கண்ணாலும் பாராதவரே மிகுதியாயிருப்பர். மழைக்கு முந்தின வாரத்தில் வேலி கழித்து, அந்த வாரத்திலேயே அடுப்பில் வைக்கும் வழக்கம் ஆகையால் எவ்விதத்திலும் நல்லதன்று. பங்குனி, சித்திரையில் கழித்துக் கோடை வெயிலில் உலர்த்தினால் மழைக்காலத்துக்கு ஈரமற்ற விறகு கிடைக்கும்.

தழையை எரிப்பது சுத்த நஷ்டம். கிளிரிசிடியா, நொச்சி, ஆடாதொடை ஆகியவற்றின் தழை நடவுக்கு முன் சேற்றில் மிதிக்க வேண்டிய உரம்.

பிரித்தெடுக்கும் கடமை யாருடையது என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். கூலியாள் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்பார் சிலர். வேலியில் எதை நட்டோம் என்பதை அறிந்தவர் நிலக்காரர். மாலையில் கைக்கு வந்ததைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர் கூலியாள். ஆதலால் வெட்டும்போதே அரளியையும் கள்ளியையும் தனியே ஒதுக்கி, ஆடுமாடு எட்டாத குழியில் புதைப்பித்து, எஞ்சியதைக் கொடுப்பதே நியாயம். வேலியில் கட்டியிருந்த நைலான் கயிறு, பிளாஸ்டிக் சாக்கு முதலியவற்றையும் அவிழ்த்தெறிந்த பிறகே கொடுத்தல் வேண்டும். நல்ல கழி குறைந்துபோனால் அந்தக் குறையைக் கூலியில் ஈடுசெய்வதும் நிலக்காரர் பொறுப்பே.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் வேலையுண்டு. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி வரிசையாக வளர்க்கப்படுகிறது. ஆள்விட்டுக் கழிக்கும்போது அக்குவியல் சாலையோரத்தில் கிடந்தால் அதுவும் விறகென்றே எண்ணி எடுத்துப்போக ஆள் வரும். கொம்யூன் பஞ்சாயத்தார் அதை அன்றைக்கே வண்டியில் அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யவேண்டும். கோயில் மடைப்பள்ளிக்கும் அன்னதானக் கொட்டகைக்கும் விறகு வாங்குகிறவர்கள், கட்டை அவிழ்த்துப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பார்களாக.