சுரங்கம் கொடுத்த சம்பளம்

வெளிநாட்டு ஆளைச் சம்பளம் பேசி அமர்த்துவது கோலார் பக்கத்துக்குப் புதிதல்ல. பூதிகோட்டையில் பிறந்த ஹைதர் அலி தன் படையில் பிரெஞ்சு வீரர்களை வைத்திருந்தார். அங்கிருந்து சற்றுத் தள்ளி, தங்கவயலில் 1880-ல் கால் வைத்த ஜான் டெய்லர் கம்பெனி இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சுரங்க வேலை தெரிந்தவர்களைக் கொண்டுவந்தது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் வாங்கிய கூலி வேறு, இவர்கள் வாங்கிய சம்பளம் வேறு. வித்தை அரிதாக இருக்கும்வரை மரியாதை. பிறகு கப்பலேற வேண்டியதுதான்.

ஐரோப்பாவின் கூடைப்பந்து கிளப்புகளில் ஆடும் அமெரிக்கர்களின் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான். இத்தாலிய கிளப்புகள் ஒரு காலத்தில் ஆளுக்கு இரண்டு வெளிநாட்டவரை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். அந்த இருவரும் புள்ளிகளைக் குவிக்க வேண்டும். தவறினால் அடுத்த விமானத்தில் வேறு இருவர் வந்து இறங்குவார்கள். பாப் மெக்அடூ, அமெரிக்காவின் என்பிஏ லீகில் 1975-ன் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 1986-ல் கிட்டத்தட்ட 35 வயதில் மிலான் கிளப்புக்குப் போனார். கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 1987, 1988 இரண்டு ஆண்டுகளும் மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பை. 1993 வரை அவர் இத்தாலியிலேயே ஆடினார்.

ஆண்களுக்கு ஐரோப்பா பெரும்பாலும் இரண்டாவது வாசல். என்பிஏவில் இடம் கிடைக்காதவர்களும் வயதேறியவர்களும் தட்டுவது. பெண்களின் கணக்கு வேறு. அங்கே உச்சத்தில் இருப்பவர்களே மூட்டை கட்டினார்கள். அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவில் 2024 வரை 12 அணிகள். அணிக்கு அதிகபட்சம் 12 பேர். ஆட்டமும் கோடைகாலத்தில் மட்டும்தான். குளிர்காலம் வந்தால் ரஷ்யா, துருக்கி, சீனா என்று கிளம்பிவிடுவார்கள். பணம் அங்கேதான் இருந்தது. டயானா டோராசி 2015-ல் அமெரிக்க லீகில் ஆடவே இல்லை. "கோடையில் ஓய்வெடு, அந்தச் சம்பளத்தையும் நாங்களே தருகிறோம்" என்றது அவருடைய ரஷ்ய கிளப். அங்கே அவருக்குச் சுமார் 15 லட்சம் டாலர். அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் என்று அப்போது செய்தி வந்தது.

அந்த கிளப்பின் ஊர் யெகதரின்பர்க். முதலாளி யூரல் மலைப் பகுதியின் சுரங்க, உலோக நிறுவனம். செம்பு விற்ற பணம் கூடைப்பந்துக்குப் போயிற்று. கோலார் தங்கவயல்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அதே கிளப்பில் ஆடியவர் பிரிட்னி கிரைனர். 6 அடி 9 அங்குலம். 2022 பிப்ரவரி 17 அன்று, விடுமுறை முடிந்து கிளப்புக்குத் திரும்பியவரை மாஸ்கோ விமான நிலையத்தில் சோதனையிட்டார்கள். பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள், ஒரு கிராமுக்கும் குறைவாக. ஒரு வாரத்தில் உக்ரைன் போர் தொடங்கியது. ஆகஸ்ட் 4 அன்று 9 ஆண்டு சிறை. மொர்தோவியா சிறை முகாமின் தையல் கூடத்தில் வேலை. டிசம்பர் 8 அன்று, விக்டர் பூட் என்ற ஆயுத வியாபாரியை விடுவித்து அவரை மீட்டது அமெரிக்கா. தப்பு அவருடையது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் சொந்த ஊரில் நியாயமான சம்பளம் இருந்திருந்தால் அந்த விமானத்தில் அவர் ஏறியிருப்பாரா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். இனி நாட்டு அணிக்காக அன்றி வெளிநாடு போய் ஆடுவதில்லை என்று 2023-ல் அறிவித்துவிட்டார்.

கிரைனர் விடுதலையான அதே மாதத்தில் பெங்களூரில் காலமானார் கென்னத் பவல். 1940-ல் தங்கவயலில் பிறந்த ஓட்டக்காரர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1965-ல் அர்ஜுனா விருது. 1970 ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம். இத்தனைக்கும் அவருக்குச் சோறு போட்டது ஓட்டம் அல்ல, பெங்களூரின் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் வேலை. ரயில்வே, வங்கி, பொதுத்துறை ஆலை: இந்திய விளையாட்டு வீரருக்குக் கிடைத்த ஒப்பந்தம் இதுதான். லட்சங்கள் கிடையாது. முழங்கால் போனாலும் சம்பளம் நிற்காது. மெக்அடூவுக்கு அந்த உத்தரவாதம் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த நிழலிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் கீத்து அன்னா ஜோஸ். கேரளத்துக்காரர், தென்னக ரயில்வே ஆட்டக்காரர், இந்திய அணியின் தலைவியாக இருந்தவர். உயரம் 6 அடி 2 அங்குலம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் ரிங்வுட் கிளப் 2006-ல் அவரை அழைத்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர் என்ற சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விக்டோரியா மாநில லீகில் ஆடினார். அங்கே நடுவில் நின்று பந்தைப் பிடிக்க அவரைவிடக் கனமான பெண்களோடு மோத வேண்டியிருந்தது. உள்ளூர்ப் போட்டிகளில் அவருக்கு இணையாக நிற்கவே ஆள் கிடையாது; அதனால் வந்த வினை, பழக்கமும் கிடையாது.

2011 ஏப்ரலில் அமெரிக்காவே கூப்பிட்டது. சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். அந்த நிலைக்குப் போன முதல் இந்தியப் பெண். அப்போது அவருக்கு வயது 25. யாரும் ஒப்பந்தம் தரவில்லை. டோராசி போன்றவர்கள் மோதிய இடம் அது. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே பலமான எதிரியைப் பார்த்த ஒருவருக்கு மூன்று தேர்வுகள் போதாது. பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே யாராவது அவரை ஐரோப்பிய லீக் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கும் ஏஜென்டுகளும் இங்கே இல்லை, அனுப்பும் பழக்கமும் இல்லை.

ஊர் திரும்பினார். ரயில்வே வேலை காத்திருந்தது. 2014-ல் கீத்துவுக்கு அர்ஜுனா விருது. அதே ஆண்டில்தான் கிரைனர் முதல்முறையாக யெகதரின்பர்க் போய் இறங்கினார்.